மினசோட்டா லத்தீனோ விவகார கவுன்சில்: எதற்குக் கூப்பிடலாம், எதற்குக் கூப்பிட்டுப் பயனில்லை

உணவகத்துக்கு ரிவ்யூ எழுதுகிறோம், கார் மெக்கானிக்குக்கு எழுதுகிறோம். நம் வரிப்பணத்தில் நடக்கும் அரசு அமைப்புகளுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதனாலேயே அவற்றில் பாதி இருப்பதே நமக்குத் தெரியாமல் போகிறது. அமெரிக்காவில், மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் இருந்து இயங்கும் மினசோட்டா லத்தீனோ விவகார கவுன்சில் அப்படி ஒன்று. லத்தீன் அமெரிக்க மக்களின் குறைகளை ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் எடுத்துச் சொல்வதற்காக மாநில அரசே வைத்திருக்கும் ஆலோசனை அமைப்பு. சில வருடங்களாக இதை நான் பின்தொடர்ந்து வருகிறேன், தேவைப்பட்டபோது போன் செய்தும் இருக்கிறேன்.

நான் லத்தீனோ இல்லை. தென்மேற்கு மினசோட்டாவில் ஒரு சின்ன ஊரில், கிளினிக் ஒன்றில் பில்லிங் பார்க்கும் தமிழ்ப் பெண். எங்கள் ஊருக்குச் சோறு போடுவது இறைச்சி ஆலை. பன்றி, வான்கோழி, மாடு என்று இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் ஏதோ ஓர் ஆலை இருக்கும். அதில் கத்தி பிடித்து நிற்பவர்களில் பெரும்பகுதி மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார் ஆட்கள். அவர்கள்தான் என் டெஸ்க்குக்கு முன்னால் வந்து நிற்பவர்கள். தோள்பட்டை வலி, மணிக்கட்டு மரத்துப்போவது, குழந்தைக்குத் தடுப்பூசி, அப்புறம் எப்போதும் அந்த ஒரே கேள்வி: "இன்சூரன்ஸ் இல்லை, எவ்வளவு ஆகும்?" மருத்துவத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். மற்ற கேள்விகள் எல்லாம் என் கவுன்ட்டரில்தான் வந்து விழும். அப்படித்தான் இந்தக் கவுன்சில் எனக்கு அறிமுகமானது.

முதலில் இது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1978இல், ஸ்பானிஷ் பேசும் மக்களின் விவகாரங்களுக்கான கவுன்சில் என்று ஆரம்பித்தார்கள். ஆனால் இந்த மக்கள் இங்கே வந்தது அதற்கும் வெகு காலத்துக்கு முன்னால். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சர்க்கரை பீட் வயல்களில் வேலை செய்ய மெக்சிகோ குடும்பங்கள் வந்தன. சீசன் முடிந்ததும் திரும்பிப் போகாமல் செயின்ட் பாலின் வெஸ்ட் சைடு பகுதியில் தங்கியவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகையில் சுமார் 6 சதவீதம் லத்தீனோக்கள். அதாவது மூன்று லட்சத்துக்கு மேல்.

கவுன்சிலில் 15 பேர். 11 பேரை ஆளுநர் நியமிக்கிறார். இங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நிர்வாகத்தின் தலைவர். மீதி நான்கு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள்: கீழவையில் இருந்து இருவர், மேலவையில் இருந்து இருவர். இவர்களுக்குக் கீழே ஒரு சின்ன அலுவலகம். எந்தச் சட்டம், எந்த நடைமுறை இந்த மக்களுக்குத் தடையாக நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அதற்கு என்ன மாற்று என்றும் சொல்ல வேண்டும். இதுதான் சட்டம் இவர்களுக்குக் கொடுத்த வேலை.

சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உத்தரவு போட முடியாது. ஒரு துறை இவர்கள் பேச்சைக் கேட்காவிட்டால் அபராதம் விதிக்க முடியாது. தனிப்பட்ட ஆளின் கேஸை எடுத்து நடத்த முடியாது. வக்கீல் வைத்துக் கொடுக்க முடியாது, விசா ஃபார்ம் நிரப்பித் தர முடியாது. இது புரியாமல் கூப்பிடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். "அரசாங்க ஆபீஸ்னு சொன்னீங்களே, ஒண்ணும் செய்ய மாட்டேங்கிறாங்களே" என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டிருக்கிறார். அவர் கேட்டது நியாயம். ஆனால் அவர் போயிருக்க வேண்டிய இடம் சட்ட உதவி மையம்.

சரி, அப்படியானால் இதனால் என்ன பயன்? லைசென்ஸ் விஷயத்தில் எனக்கு அது புரிந்தது.

2003இல் மினசோட்டாவில் விதி மாறியது. சட்டப்படி தங்கியிருப்பதற்கான ஆவணம் காட்டாதவர்களுக்கு ஓட்டுநர் லைசென்ஸ் கிடையாது என்றாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் கிடையாது. ஆலைக்குப் போக வேண்டும், பள்ளியில் குழந்தையை விட வேண்டும், பனியில் 20 மைல் தள்ளி இருக்கும் கடைக்குப் போக வேண்டும். அதனால் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டினார்கள். இருபது வருடம் அப்படித்தான் ஓடியது. பல கூட்டத்தொடர்களில் மசோதா வரும், எங்காவது ஓரிடத்தில் நின்றுவிடும். 2023 மார்ச் 7ஆம் தேதி ஆளுநர் டிம் வால்ஸ் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் அக்டோபர் 1 முதல் குடியேற்ற நிலையைக் கேட்காமல் லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். சுமார் 81,000 பேர் இதனால் தகுதி பெறுவார்கள் என்று அப்போது மாநிலம் மதிப்பிட்டது.

இந்தச் சட்டத்தைக் கவுன்சில்தான் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கொண்டுவந்தவர்கள் சட்டமன்றம் கூடும் கேபிட்டல் கட்டடத்தின் படிகளில் வருடக்கணக்கில் வந்து நின்ற குடும்பங்கள், அவர்களை ஒன்றுசேர்த்த அமைப்புகள், சர்ச்சுகள். அந்தப் பெருமை அவர்களுக்குத்தான் சேரும். நான் சொல்ல வருவது சட்டம் வந்ததற்கு அப்புறம் நடந்தது.

அக்டோபர் பிறந்தது. குவாத்தமாலாவைச் சேர்ந்த ஒருவர், எங்கள் கிளினிக்கில் பல வருடமாக வருகிறவர், பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு லைசென்ஸ் கொடுக்கும் இடம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். இது செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் செல்லாது என்று சொல்லவில்லை. மனைவியின் ரத்த அழுத்த மாத்திரைக்காக வந்தவர், பர்ஸுக்குள் நான்காக மடித்து வைத்திருந்த அந்தச் சான்றிதழை எடுத்து என் மேஜையில் விரித்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. "சென்யோரா, இதுல என்ன தப்பு?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மதிய உணவு நேரத்தில் கவுன்சிலுக்குப் போன் செய்தேன்.

எடுத்தவர் ஒரு பெண். முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்த ஒரு விண்ணப்பத்தில் நாங்கள் தலையிட முடியாது என்று. அப்புறம் கேட்க ஆரம்பித்தார். எந்த நாட்டுச் சான்றிதழ்? மூலப் பிரதியா, நகலா? ஸ்பானிஷில் மட்டும் இருக்கிறதா, ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்திருந்தாரா? என்ன தேதி? கவுன்ட்டரில் என்ன வார்த்தை சொன்னார்கள்? மொழிபெயர்ப்பு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. வேறு மொழி ஆவணம் என்றால் தகுதியுள்ள ஒருவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் கூட இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்த மனிதரிடம் அதை யாரும் சொல்லவில்லை. கிளினிக்குக்கு வரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலமாக முறையாகச் செய்யும் ஆளைப் பிடித்தோம். அடுத்த முறை வேறோர் இடத்துக்குப் போனார், காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள். எழுத்துத் தேர்வை ஸ்பானிஷிலேயே எழுதினார்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல போன் சர்வீஸ், அவ்வளவுதான். அந்தப் பெண் கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "இதே மாதிரி வேறு யாருக்காவது நடந்தால் தேதி, இடம், என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம்." ஒருவருக்கு நடந்தால் அது அவர் பிரச்சினை. பத்து ஊரில் ஒரே மாதிரி நடந்தால் அது நடைமுறையில் உள்ள ஓட்டை. ஒரு துறையின் மேலதிகாரிகளிடம் போய் "இதைச் சரிசெய்யுங்கள்" என்று கேட்க இவர்களுக்கு அந்தப் பத்து வேண்டும். கவுன்சிலின் உண்மையான வேலை இது. வேலைக்கான சரக்கு நம்மிடம் இருந்துதான் போக வேண்டும். நாம் அனுப்பாவிட்டால் அவர்கள் செயின்ட் பாலில் உட்கார்ந்து அறிக்கை எழுதத்தான் முடியும்.

அறிக்கை மட்டும் எழுதிக்கொண்டிருந்த காலமும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 2014இல் சட்டமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இந்தக் கவுன்சிலையும், ஆசியர்கள், கறுப்பின மக்கள், பூர்வகுடிகள் ஆகியோருக்கான மற்ற மூன்று கவுன்சில்களையும் சேர்த்து ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கடுமையான அறிக்கை. குறிப்பிட்ட இலக்கு வைக்கவில்லை, செய்த வேலையால் என்ன பலன் என்று அளக்க வழி வைக்கவில்லை, அரசுத் துறைகளோடு போதிய தொடர்பு இல்லை, மாநிலம் கொள்கை முடிவு எடுக்கும் இடத்தில் இவர்கள் சரியாக இணைக்கப்படவில்லை என்றது. சட்டமே இவர்கள் நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றும் சுட்டிக்காட்டியது. மூடிவிடலாமா என்றுகூடப் பேச்சு எழக்கூடிய அளவுக்கு இருந்தது. சட்டமன்றம் அப்படிச் செய்யவில்லை. 2015இல் சட்டத்தைத் திருத்தி எழுதி, இப்போதைய பெயரையும் அமைப்பையும் கொடுத்தது.

அந்தத் தணிக்கை அறிக்கையைப் படித்த பிறகு இந்த அமைப்பின் மேல் எனக்கு மரியாதை கூடியது. தன் அமைப்பையே இப்படிப் பொதுவில் உரித்துக் காட்ட ஒரு மாநிலம் அனுமதிக்கிறது, அப்புறம் அதைத் திருத்தவும் செய்கிறது. எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை. ஆனால் அந்த அறிக்கை எழுப்பிய கேள்வி இன்னும் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆலோசனை சொல்லும் அமைப்பின் பலனை எப்படி அளப்பது? மசோதா ஜெயித்தால் பத்து பேர் உரிமை கொண்டாடுவார்கள், தோற்றால் யாரும் பேச மாட்டார்கள். ஒவ்வொரு வருட முடிவிலும், "இந்தந்தப் பரிந்துரைகளைக் கொடுத்தோம், இந்தந்தத் துறை ஏற்றது, இது மறுத்தது, மறுத்த காரணம் இது" என்று ஒரு பக்கத்தில், ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும், சாதாரண மனிதர் படிக்கிற மாதிரி போட வேண்டும். எனக்கு இவர்களிடம் இருக்கும் முதல் வேண்டுகோள் இது.

இறைச்சி ஆலை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் ஊரில் வயிறும் வலியும் எல்லாம் அதில்தான் இருக்கிறது. 2006 டிசம்பர் 12, குவாதலூப்பே மாதா திருநாள். அன்று குடியேற்றத் துறை ஒரே நாளில் ஆறு மாநிலங்களில் உள்ள ஆறு இறைச்சி ஆலைகளில் சோதனை நடத்தியது. அதில் ஒன்று எங்கள் பக்கத்து வொர்திங்டன். அன்று பள்ளி விட்டு வந்த குழந்தைகளைக் கூட்டிப் போக ஆள் இல்லாமல் போன கதையை இன்னும் இங்கே சொல்வார்கள். அடுத்த வருடம், 2007இல், இறைச்சி ஆலைத் தொழிலாளர்களின் உரிமைகளுக்கென்றே மினசோட்டாவில் ஒரு சட்டம் வந்தது. உரிமைகளையும் கடமைகளையும் தொழிலாளியின் தாய்மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது அதில் முக்கியமான பகுதி. 2023இல் அதற்கு மேலும் பலம் சேர்த்தார்கள். ஆபத்தான நிலையில் வேலை செய்ய மறுக்கலாம், மறுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்றார்கள். 2024 ஜனவரி 1 முதல் 30 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் என்று சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பும் சேர்ந்தது.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. என் கவுன்ட்டரில் வந்து நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு நோய் விடுப்புக் கணக்கை ஒவ்வொரு சம்பளத்தின்போதும் தர வேண்டும் என்று தெரியும்? நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இளைஞர்களுக்குத் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு, அதுவும் இரண்டாம் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு, சம்பளச் சீட்டை வாங்கி மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைப்பதோடு சரி. கவுன்சில் மாதிரி அமைப்பு சட்டம் கொண்டுவர உழைப்பதோடு, வந்த சட்டத்தை இந்தப் பெண்களின் சமையலறை வரை கொண்டுபோகவும் வேண்டும். அதற்குக் கைநிறைய ஆள் வேண்டும். இவர்களிடம் அவ்வளவு ஆள் இல்லை. இது அவர்கள் குறை அல்ல, பட்ஜெட் போடுகிறவர்கள் பார்க்க வேண்டியது.

சட்டமன்றக் கமிட்டியில் சாட்சி சொல்வது எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. ஒரு நீள மேஜை, மைக், எதிரே அரைவட்டமாக உறுப்பினர்கள். பெயர் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்து, "மேடம் சேர் (கமிட்டித் தலைவரே), கமிட்டி உறுப்பினர்களே" என்று ஆரம்பித்து, பெயரும் ஊரும் சொல்லி, கொடுத்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் நேரலையில் ஓடும், பதிவும் இருக்கும். இடைவேளையில் போனில் ஒரு விசாரணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலையில் வேலை செய்யும் ஓர் அம்மா, மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் உட்கார, தன் வலது கையை மேஜை மேல் வைத்தார். விரல்களை மடக்கிக் காட்டினார். இரண்டு விரல் மடங்கவில்லை. அதற்கு முன்னால் எண்களும் சதவீதங்களுமாகப் பேசிக்கொண்டிருந்த உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அதே கையைத்தான் நான் தினம் பில்லில் ஒரு குறியீட்டு எண்ணாகத் தட்டுகிறேன்.

அந்த மேஜைக்கு ஒரு தொழிலாளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லேசான வேலை இல்லை. எங்கள் ஊரில் இருந்து செயின்ட் பாலுக்கு மூன்று மணி நேர டிரைவ். விசாரணை நடப்பது வார நாள், பகல் நேரம். ஒரு நாள் கூலி போகும். எந்த மசோதா எந்தக் கமிட்டியில் எப்போது வருகிறது என்று தெரிய வேண்டும், அதுவும் சில சமயம் முந்தின நாள் மாறும். கமிட்டிக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பு ஏற்பாடு வேண்டும். சட்டமன்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒரு அரசு அலுவலகம், அந்த மக்களுக்கென்றே இருப்பது, இந்த இடத்தில்தான் விலைமதிப்பில்லாதது. மசோதாக்களைப் பின்தொடர்வதும், எது எங்கே நிற்கிறது என்று சொல்வதும் இவர்களுக்குத் தினசரி வேலை.

இனி வருத்தமான பகுதி. 2023இல் நிறைவேறிய இன்னொரு சட்டம், ஆவணம் இல்லாதவர்களும் மாநில அரசின் மினசோட்டாகேர் மருத்துவ இன்சூரன்ஸில் சேரலாம் என்றது. 2025 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சேர்ந்தார்கள். பில்லிங் டெஸ்கில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வருடம் என் வேலையே வேறு மாதிரி இருந்தது. எவ்வளவு ஆகும் என்ற கேள்வி குறைந்தது. சர்க்கரை நோயை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு வந்தார்கள். அப்புறம் 2025 ஜூனில் பட்ஜெட் பேரத்தில் 18 வயது நிரம்பியவர்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் 31உடன் முடிந்தது. குழந்தைகளுக்கு மட்டும் தொடர்கிறது. ஒரே குடும்பத்தில் மகளுக்குக் கார்டு இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை.

ஆலோசனை என்ற சொல்லின் எல்லை அங்கே தெரிந்தது. எவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னாலும், 134 பேர் உள்ள கீழவையிலும் 67 பேர் உள்ள மேலவையிலும் எண்ணிக்கை இல்லாவிட்டால் சொன்னது சொன்னதோடு நின்றுவிடும். இதற்காகக் கவுன்சிலுக்கு மதிப்பெண் குறைப்பது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் அதிகாரம் இல்லாத அமைப்பிடம் அதிகாரம் இருப்பதாக மக்களை நம்பவைப்பதும் சரியில்லை. அவர்களுடைய எல்லையை அவர்களே முதல் வரியில் சொல்வது, அன்று போனில் அந்தப் பெண் சொன்ன மாதிரி, நல்ல பழக்கம்.

மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லத்தீனோ என்றதும் ஸ்பானிஷ் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறோம். வொர்திங்டன் பக்கம் இருக்கும் குவாத்தமாலா குடும்பங்களில் பலருக்கு வீட்டு மொழி மாம் அல்லது கிச்சே, மாயா மொழிகள். ஸ்பானிஷ் அவர்களுக்கு இரண்டாவது மொழி, சில வயதான பெண்களுக்கு அதுவும் அரைகுறை. ஸ்பானிஷ் துண்டறிக்கை கொடுத்தால் மரியாதைக்கு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் ஒரு பெண் தலையாட்டிக்கொண்டே இருந்தார், கூட வந்த பத்து வயதுப் பையன்தான் "அம்மாவுக்குப் புரியலை" என்று மெல்லச் சொன்னான். மினியாபொலிஸில் எக்வடார்காரர்கள் நிறைய, அவர்கள் தேவை வேறு. நூறு வருடமாக வெஸ்ட் சைடில் இருக்கும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்துக்கும், போன வருடம் வந்தவருக்கும் பொதுவாக இருப்பது கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கட்டம். 11 நியமன உறுப்பினர்களில் ஆலை ஊர்களில் இருந்தும், மாயா மொழி பேசுகிறவர்களில் இருந்தும் ஆள் இருந்தாக வேண்டும். ஒலிப்பதிவாக, மாம் மொழியில் இரண்டு நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பத்துத் துண்டறிக்கைக்குச் சமம். எங்கள் கிளினிக்கில் தடுப்பூசிக்கு அப்படிச் செய்தோம், வந்தார்கள்.

மற்ற மாநிலங்களிலும் இது இருக்கிறது, உருவம்தான் வேறு. வாஷிங்டன் மாநிலத்தில் 1971 முதல் ஹிஸ்பானிக் விவகார ஆணையம் இருக்கிறது, ஆளுநர் நியமிக்கும் 11 பேர். ஓஹையோவில் 1977 முதல். வட கரோலினாவில் 1998இல் ஆளுநர் ஜிம் ஹன்ட் நிர்வாக உத்தரவு மூலம் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார். கனெக்டிகட்டில் 1994இல் லத்தீனோக்களுக்கும் போர்ட்டோ ரீக்கோ மக்களுக்கும் என்று தனி ஆணையம் வைத்தார்கள். 2016இல் அதை மற்ற ஆணையங்களோடு சேர்த்து ஒரே ஆணையமாக்கிவிட்டார்கள். இதையெல்லாம் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, உங்கள் மாநிலத்தில் இருப்பது சட்டத்தால் வந்ததா, ஆளுநர் உத்தரவால் வந்ததா என்பதுதான். உத்தரவால் வந்ததை அடுத்த ஆளுநர் ஒரு கையெழுத்தில் மாற்றலாம். சட்டத்தால் வந்ததைக் கலைக்க இரண்டு அவையிலும் வாக்கெடுப்பு வேண்டும். மினசோட்டாவில் இருப்பது சட்டத்தால் வந்தது, அதனால்தான் 2014 அறிக்கைக்குப் பிறகும் நிற்கிறது.

நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டு "நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்கும் இருக்கிறது. ஆசிய பசிபிக் மினசோட்டர்கள் கவுன்சில் 1985 முதல் இயங்குகிறது, அதே சட்டம், அதே அமைப்பு. இந்தியர்களான நாமும் அதற்குள்தான் வருகிறோம். எங்கள் தமிழ்ப் பள்ளியில் கேட்டபோது அதைக் கேள்விப்பட்டவர்களே ஓரிருவர்தான். ஆலையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து கமிட்டியில் பேசும் அந்த அம்மாவைப் பார்த்த பிறகு, நமக்கு நேரம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உறுப்பினராக வேண்டுமானால் மாநிலச் செயலர் அலுவலகத்தின் மூலமாக யாரும் விண்ணப்பிக்கலாம். காலியிடங்களைப் பொதுவில் அறிவிக்கிறார்கள். கூட்டங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவைதான்.

கூப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம், இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை: காலம் பார்த்துக் கூப்பிடுங்கள். ஒற்றைப்படை வருடங்களில் சட்டமன்றம் ஜனவரியில் கூடும், இரட்டைப்படையில் பெரும்பாலும் பிப்ரவரியில். மே மாதம் மூன்றாவது வாரத்தோடு முடிந்துவிடும். பெரும்பாலும் மார்ச்சிலேயே கமிட்டிக் கெடுக்கள், அதாவது மசோதா கமிட்டியைத் தாண்ட வேண்டிய கடைசி நாள்கள், வந்துவிடும். ஏப்ரலில் போய்ப் புது மசோதா வேண்டும் என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. செப்டம்பர், அக்டோபரில் போனால் அடுத்த கூட்டத்தொடருக்கான பட்டியல் தயாராகும் நேரம், காது கொடுத்துக் கேட்பார்கள். எப்போது நடந்தது, எந்த இடத்தில், என்ன காகிதம் கொடுத்தோம், என்ன பதில் சொன்னார்கள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு பக்க வருடாந்தரக் கணக்குக்காகவும், மாம் மொழி ஒலிப்பதிவுக்காகவும். இரண்டும் வந்ததும் இங்கேயே திருத்தி எழுதுகிறேன்.